நல்ல ஒயினும் வேண்டும், நண்பர்களும் வேண்டும்: கார்டு பாக்கியை என்ன செய்வது?

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் நல்ல ஒயின் என்றால் பிரியம். மாதம் இரண்டு முறையாவது நண்பர்களை வீட்டுக்கு அழைத்துவிடுவோம், ஆறு பேர், சில சமயம் எட்டு. கணக்குப் பார்த்தால் கிரெடிட் கார்டு பாக்கியில் பாதி இந்த விருந்துகளால் வந்ததுதான், மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்கிறார் மனைவி. மலிவானதை வாங்கி வைக்கவோ வந்தவர்கள் முன்னால் கூச்சமாக இருக்கிறது. இதற்கிடையில், வைத்திருந்தால் விலை ஏறும் என்று ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு ஆறு பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அது முதலீடா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: நிறுத்த வேண்டாம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிகவும் பிடித்த ஒன்றை அடியோடு வெட்டிவிட்டுப் போட்ட பட்ஜெட் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்து நான் பார்த்தது குறைவு, நாலாவது மாதம் ஒரே விருந்தில் மூன்று விருந்துக்கான பணத்தைக் கொட்டிவிட்டு வந்து நிற்பார்கள். நண்பர்களை உட்காரவைத்து நாலு வார்த்தை பேசுவது வாழ்க்கைக்கு வேண்டிய செலவுதான். ஆனால் கார்டு விஷயம் வேறு, அதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

மாதம் 3 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கார்டின் சரியான விகிதத்தை அறிக்கையில் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். 100க்கு வாங்கிய பாட்டில், பணம் கட்டாமல் ஒரு வருடம் கிடந்தால் 142ஐத் தாண்டிவிடும். குடித்து முடித்து, பாட்டிலையும் வெளியே போட்டு, அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பதே மறந்துபோன பிறகும் அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது: பழைய பாக்கி நிற்கும்போது பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும். அதனால் இன்றிலிருந்து ஒயின் கார்டில் வேண்டாம். இப்போது இரண்டு விருந்துக்கு ஆகும் தொகையைச் சம்பளம் வந்த அன்றே இரண்டாகப் பிரித்து, பாதியை வழக்கமாகக் கட்டும் தொகையோடு சேர்த்துக் கார்டுக்குக் கட்டுங்கள், மீதியைத் தனிக் கணக்கிலோ உறையிலோ போட்டு வையுங்கள். உறையில் இருப்பதுதான் அந்த மாதத்து விருந்து. பாக்கி முழுதும் தீரும் வரை மாதம் ஒரு விருந்து போதும், இரண்டாவதை அப்புறம் திரும்பக் கொண்டுவரலாம்.

சரி, அந்தப் பாதித் தொகையில் கூச்சப்படாமல் விருந்து வைக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும், பெரும்பாலும் பணம் வீணாவது ஒயினின் தரத்தில் இல்லை, எண்ணிக்கையில். ஒரு பாட்டில் 750 மில்லி, 125 மில்லி வீதம் ஊற்றினால் ஆறு கிளாஸ் வரும். ஒரு மாலைக்கு ஒருவருக்கு இரண்டரை கிளாஸ் என்று தாராளமாகவே வைத்தாலும் ஆறு பேருக்கு பதினைந்து கிளாஸ், அதாவது இரண்டரை பாட்டில், மூன்று வாங்கினால் போதும். எட்டு பேருக்கு நான்கு. நீங்கள் எத்தனை வாங்குகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஆறு பேருக்கு ஆறு பாட்டில் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்று இரவே ஒரு காரியம் செய்து பாருங்கள்: சமையலறை அளவுக் குவளையில் 125 மில்லி தண்ணீர் எடுத்து உங்கள் ஒயின் கிளாஸில் ஊற்றி, எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெரிய கிளாஸாக இருந்தால் கால் பாகத்தைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். இத்தனை நாள் நீங்கள் பாதி வரை ஊற்றிவந்திருந்தால், ஒவ்வொரு கிளாஸிலும் கிட்டத்தட்ட இரண்டு கிளாஸ் போயிருக்கிறது. குறைவாக ஊற்றினால் ஒயினுக்கும் நல்லது, கிளாஸைச் சுழற்றி மணம் பார்க்க இடம் இருக்கும், வெள்ளை ஒயின் சூடாவதற்குள் தீரும்.

எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கண்ணாடி, கார்க், லேபிள், போக்குவரத்து, பல இடங்களில் வரியின் ஒரு பகுதி, இவையெல்லாம் விலை குறைந்த பாட்டிலுக்கும் சற்றே கூடிய பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அடிமட்ட விலை பாட்டிலில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் உள்ளே இருக்கும் திராட்சைக்குப் போவது மிகச் சொற்பம். ஒரு படி மேலே போனால் கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பங்கு ஒயினுக்கே போகிறது, வித்தியாசம் நாக்கில் தெரியும். அதற்கு மேலே ஏற ஏற பேருக்கும் ஊருக்கும் அரிதானது என்பதற்கும்தான் பணம் போகும். நான் நிற்கச் சொல்லும் இடம் அந்த அடிமட்டத்திலிருந்து ஒன்றிரண்டு படி மேலே. கனமான பாட்டிலைப் பார்த்து ஏமாறாதீர்கள், கண்ணாடியின் எடைக்கும் ஒயினின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

புகழ்பெற்ற ஊருக்குப் பக்கத்து ஊரைத் தேடுங்கள். ஷாம்பெயினை எடுத்துக்கொள்வோம், பிரான்சில் அதே பெயருள்ள பகுதியில் செய்யும் குமிழி ஒயின் அது. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கவைத்துத்தான் அதில் குமிழி வரவைக்கிறார்கள். ஸ்பெயினின் காவாவும், பிரான்சின் மற்றப் பகுதிகளில் செய்யும் கிரெமோனும் அதே முறைதான். சாதாரண ஷாம்பெயின் வெளியே வர குறைந்தது 15 மாதம் ஆக வேண்டும் என்பது விதி, காவாவுக்குக் குறைந்தது 9 மாதம். ருசி ஒன்றே என்று சொல்லமாட்டேன், ஆனால் விலையில் இருக்கும் தூரம் ருசியில் கிடையாது. சிவப்பில் ஸ்பெயினின் ரியோஹா பகுதி ஒயின் எனக்கு மிகவும் பிடித்தது, பட்ஜெட் பார்ப்பவருக்கு அது ஒரு வரம். ரெசர்வா என்று லேபிளில் இருந்தால் குறைந்தது மூன்று வருடம், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் இருந்துவிட்டு வந்திருக்கிறது, கிரான் ரெசர்வா என்றால் ஐந்து வருடம். உங்களுக்காக அங்கேயே யாரோ பொறுமையாகக் காத்திருந்து தருகிறார்கள். போர்ச்சுகல், சிலி, தென் பிரான்சு ஒயின்களையும் விட்டுவிடாதீர்கள். 1976இல் பாரிசில், பிரெஞ்சு நடுவர்களே லேபிள் பார்க்காமல் ருசித்து, வெள்ளை, சிவப்பு இரண்டிலும் கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்த ஊரை யார் மதித்தார்கள்?

இப்போது உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன், எனக்கென்னவோ பணத்தைவிட இதுதான் உங்கள் கையைக் கடிக்கிறது என்று படுகிறது. கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஒரே ஒயினை இரண்டு வெவ்வேறு விலை சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். விலை கூடியது என்று நம்பிக் குடித்தபோது ருசி அதிகம் என்றார்கள், மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. 2008இல் வெளிவந்த ஆய்வு அது. என் வீட்டிலும் ஒரு முறை மூன்று பாட்டிலை காகிதத்தில் சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பென்சிலால் எழுதி மேசையில் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் முதலில் காலியானது மூன்றில் விலை குறைந்தது. விலை கூடியதில் பாதி மிச்சம் இருந்தது, காகிதத்தைப் பிரித்தபோது எழுந்த சத்தத்தை இன்னும் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீங்களும் வைத்துப் பாருங்கள், விருந்துக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது, வந்தவர்கள் விலையைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிடுவார்கள்.

என்ன கொண்டுவரட்டும் என்று நண்பர் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு பாட்டில் என்று சொல்லுங்கள், என்ன வகை என்றும் சொல்லுங்கள். குடிக்காதவர்களுக்கும், வண்டி ஓட்டிப் போக வேண்டியவர்களுக்கும் நல்ல பானம் ஒன்றை மேசையின் நடுவிலேயே வையுங்கள், தண்ணீர்க் குடுவையும் கூடவே.

செலவே இல்லாமல் ஒயினை உயர்த்த ஒரு வழி, வெப்பநிலை. சிவப்பு 16லிருந்து 18 டிகிரி இருந்தால் நன்றாக இருக்கும், அறை சூடாக இருந்தால் பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள், ஆல்கஹாலின் காட்டம் அடங்கி பழத்தின் ருசி முன்னே வரும். வெள்ளையைக் கடுங்குளிராக வைக்காதீர்கள், மணமே எழாது. மிச்சம் இருப்பதை அன்றிரவே இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் குழம்புக்கோ சாஸுக்கோ போகட்டும்.

கடைசியாக அந்த ஆறு பாட்டில். அது முதலீடு இல்லை. உலகத்தில் வெளியாகும் ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியதுதான், வருடக்கணக்கில் மெருகேறுவது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்துக்கும் 12, 13 டிகிரியில், வெளிச்சம் படாத இடத்தில், படுக்கவைத்துப் பாதுகாத்திருக்க வேண்டும், வாங்குகிறவர் அதற்கு அத்தாட்சி கேட்பார். அறை சூட்டில் ஏறி இறங்கும் அலமாரியில் வைத்ததற்கு அத்தாட்சி கிடைக்காது. வட்டியோ ஈவுத்தொகையோ தராத ஒன்றை, வட்டி கட்டும் கடனில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். திறக்காத பாட்டிலைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள், எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் அப்படியே கார்டுக்கு. மாட்டார்கள் என்றால் வருத்தப்படாதீர்கள், அடுத்த இரண்டு விருந்துக்கு ஒயின் வீட்டிலேயே தயாராக இருக்கிறது, அந்த இரண்டு மாதமும் உறையில் ஒயினுக்கென்று போட்டதையும் கார்டுக்கே கட்டிவிடலாம். முதல் மூன்றையும் காகிதத்தில் சுற்றுங்கள், எந்த எண் எந்த பாட்டில் என்று மனைவிக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.