விடிய ஐந்து மணிப் பாட்டுச் சாதகத்தை விடுங்கள், மாலையில் இருபது நிமிடம் போதும்

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வர்ணம் (அடிப்படைப் பயிற்சிகளுக்குப் பிறகு படிக்கும் உருப்படி) வரை கர்நாடகப் பாட்டுப் படித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் பாடுவேன். விடிய 5 மணிக்கு எழும்பி ஒரு மணிநேரம் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யத் தொடங்கினால், பத்து நாளில் தொண்டை கட்டிவிடும், பிறகு விட்டுவிடுவேன். பக்கத்துக் காம்பராவுக்குக் (லயன் வீட்டுக்கு) கேட்குமே என்ற கூச்சமும் உண்டு. அலுக்காமல் தொடர என்ன வழி?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். தூங்கி எழும்பிய உடனே குரல்நாண்கள் சற்றுத் தடித்திருக்கும். மார்கழி, தையில் உங்கள் பக்கத்துக் குளிர்காற்று தொண்டையை உலர்த்தவும் செய்யும். அந்த நிலையில் தாரஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்வரங்களுக்கு, ஏறினால் கழுத்தை இறுக்கித்தான் பாட வேண்டிவரும். தொண்டை கட்டுவது அதனால்தான். பின்னேரம் வேலை முடிந்து வந்து, ஒரு பிளேன்டி குடித்து, அரை மணிநேரம் பேசாமல் இருங்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு சத்தமாகப் பேசிய குரலுக்கு அந்த ஓய்வு கட்டாயம் வேண்டும். சூடாக இருக்கிறதென்று குசினியில் மட்டும் உட்காராதீர்கள். விறகுப் புகை தொண்டைக்குப் பகை.

முதல் 4 நிமிடம் வாய் மூடி ‘ம்’ என்று முனகல். மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தில் (நடு ‘ஸ’) தொடங்கி பஞ்சமம் (‘ப’) வரை ஏறி இறங்குங்கள்; உதட்டிலும் மூக்குத் தண்டிலும் அதிர்வு தெரிய வேண்டும். அல்லது கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரோவின் நுனி இரண்டு சென்டிமீட்டர் முங்கும்படி வைத்து, குமிழி விட்டுக்கொண்டே ஸ்வரம் பிடியுங்கள். குரல்நாண்கள் மோதாமல் மெதுவாகச் சேர இது உதவும். இரண்டுமே சுவருக்கு அப்பால் அவ்வளவாகக் கேட்காது. கூச்சத்துக்குப் பயந்து மூச்சுக்காற்றாய்க் கிசுகிசுத்துப் பாடுவது மட்டும் வேண்டாம். அதில் குரல் சீக்கிரம் களைக்கும், சுருதியும் நிற்காது.

சுருதிக்குப் போனில் தம்புரா செயலி போட்டால் மந்தர ஸட்ஜம் (கீழ் ‘ஸ’) அந்தச் சின்ன ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது. ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள், மற்றக் காது உங்கள் குரலுக்கு. பெண்களுக்குப் பெரும்பாலும் 5 அல்லது ஐந்தரைக் கட்டை (சுருதியின் உயரம்) பொருந்தும். மந்தர பஞ்சமத்தில் குரல் காற்றாகிப்போனால் அரைக் கட்டை கூட்டுங்கள். தார காந்தாரத்தில் (மேல் ‘க’) தாடை இறுகினால் குறையுங்கள்.

அடுத்த 8 நிமிடத்துக்கு அலங்காரம் (ஏழு தாளத்திலும் அமைந்த ஸ்வரப் பயிற்சி), ஒரு நாளைக்கு ஒரே தாளம். ஏழு தாளம், ஏழு நாள், ஒரு வாரத்தில் சுற்று முடிந்துவிடும். துருவமும் அடதாளமும் 14 அட்சரம் (தாள எண்ணிக்கை), களைக்கும். அவற்றைச் சனி, ஞாயிறில் வையுங்கள். பஜனை உள்ள வெள்ளிக்கு 4 அட்சர ஏகம். நிமிடத்துக்கு 60 தட்டில் முதல் காலம் (முதல் வேகம்); அதே தட்டில் இரட்டை வேகமான இரண்டாம் காலம், அதற்கும் இரட்டிப்பான மூன்றாம் காலம். மூன்றாம் காலம் கலைந்தால் தட்டை 50 ஆக்குங்கள், அந்தக் காலத்தைப் பாடாமல் விட்டுவிடாதீர்கள். அலங்காரம் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் சுத்த ரிஷபம் (‘ரி’) ஸட்ஜத்துக்கு அரை ஸ்வரம்தான் மேலே. களைத்த குரலில் அது நழுவுவது சாதாரணம். வாரத்துக்கு ஒருமுறை போனில் பதிந்து அந்த இடத்தை மட்டும் கேளுங்கள். தினமும் பதிந்து தினமும் கேட்டால் பிழை மட்டுமே காதில் விழும், சலிப்பு அங்கேதான் தொடங்கும்.

பிறகு வர்ணத்துக்கு 4 நிமிடம். தினமும் பல்லவியிலிருந்து பாடுவதால்தான் பல்லவி பழுத்து, கடைசிச் சிட்டைஸ்வரம் (வர்ணத்தில் வரும் ஸ்வரக் கோவை) காயாகவே நிற்கிறது. கடைசிச் சிட்டைஸ்வரத்தில் தொடங்கி, நாளுக்கு ஒன்றாகப் பின்னோக்கி வாருங்கள். பாட்டுக் கசெட்டோ யூடியூபோ போட்டுக் கூடவே பாடாதீர்கள். மற்றவர் குரல் உங்கள் சுருதிக் குறையை மூடிவிடும். கேளுங்கள், நிறுத்துங்கள், பிறகு பாடுங்கள்.

கடைசி 4 நிமிடம் உங்களுக்கே உங்களுக்கு. சினிமாப் பாட்டு, தாலாட்டு, தோட்டத்தில் பெரியவர்கள் பாடும் பாட்டு, எதுவானாலும் சரி, திருத்தம் வேண்டாம். இதை நேரம் போதவில்லையென்று வெட்டாதீர்கள். நேரமில்லாத நாளில் முனகலையும் இந்தப் பாட்டையும் பாடி எட்டு நிமிடத்தில் முடியுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டப் பார்க்க வேண்டாம், வழக்கமான இருபது நிமிடமே.

பஜனையில் ஆண்கள் ஹார்மோனியத்தை 1 கட்டையில் வைத்தால் நீங்கள் ஒன்று அடியில் முனக வேண்டும், இல்லையேல் உச்சத்தில் கத்த வேண்டும். நீங்கள் முன்பாட்டுப் பாடும்போது 5 கட்டைக்கு மாற்றித் தரும்படி வாசிப்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாற்ற முடியாதென்றால் பின்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தடிமன் பிடித்துக் குரல் கம்மிய நாளில் பாடாமல் தாளம் போட்டு ஸ்வரத்தை மனத்துக்குள் ஓட்டுங்கள், அதுவும் சாதகம்தான். விழுங்கும்போது வலி இருந்தாலோ, குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினாலோ காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். பாலர் பாடசாலையில் படிப்பிப்பதையும், ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்பதையும் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.