கிளிக்குஞ்சின் இரண்டு காலும் விரிந்து நிற்கிறது, நிமிர்த்தலாமா?

களுவாஞ்சிக்குடியில் இருந்து நீங்கள் கேட்டது: மூன்று கிழமைப் பச்சைக்கிளிக் குஞ்சு, கால் இரண்டும் தவளைக்கால்போல் பக்கத்துக்கு விரிந்து, நெஞ்சால் அரக்கித் திரிகிறது. பத்திரிகை விரித்த சப்பாத்துப் பெட்டியில் வைத்து, பாணும் பசுப்பாலும் தீத்துகிறீர்கள்.

நிமிர்த்தலாம், ஆனால் இந்தக் கிழமையே தொடங்க வேண்டும். பச்சைக்கிளி ஏழு கிழமையளவில் பறக்க வெளிக்கிடும். அதற்கு முன்பே எலும்பு இறுகிவிடும், பிறகு கட்டி நிமிர்த்த முடியாது.

முதலில் உங்கள் விரலை அதன் பாதத்தின் கீழே வையுங்கள். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு விரல்களும் மூடிப் பிடித்தால் நரம்பு வேலை செய்கிறது, கட்டலாம். பிடிக்காமல் தொய்ந்து கிடந்தாலோ, ஒரு கால் வீங்கித் தோலில் பச்சை நிறம் தெரிந்தாலோ கட்ட வேண்டாம். பறவைக்கு அடிபட்ட இடம் பச்சையாகத்தான் கன்றும், முறிவாக இருக்கலாம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே தேவைப்பட்டால் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது.

கட்டுவதற்கு பாமசியில் அரை அங்குல மைக்ரோபோர் பிளாஸ்டர் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகக் கிழியுங்கள். இரைப்பை (கழுத்தின் அடியில் தீனி தங்கும் பை) காலியாக இருக்கும் நேரத்தில் கட்டுங்கள். நிறைந்திருந்தால் கக்கி, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருவர் பிடிக்க மற்றவர் கட்ட வேண்டும். பிடிப்பவர் நெஞ்சை இறுக்கக் கூடாது. பறவை நெஞ்சை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது, நெருக்கினால் கையிலேயே செத்துவிடும். பாதத்துக்கு மேலுள்ள கணுக்காலில் மெல்லிய கோஸ் துணி ஒரு சுற்று, அதன்மேல் பிளாஸ்டர். அதே பிளாஸ்டரை மற்றக் காலுக்கு இழுத்துச் சுற்றி, நடுவில் பசைப்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுங்கள். இடைவெளி இடுப்பின் அகலம், இந்த வயதுக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். அதைவிட நெருக்கினால் குப்புற விழும்.

அரை மணித்தியாலம் கழித்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தோ, நீலமாகவோ, வீங்கியோ இருந்தால் உடனே வெட்டி எடுத்துத் தளர்வாகக் கட்டுங்கள். குஞ்சு நாளுக்கு நாள் வளர்வதால் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றுவது கட்டாயம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமையில் கால் உடம்பின் கீழே வரும்.

கட்டு மட்டும் போதாது. வழுக்கும் பத்திரிகைதான் பாதிக் குற்றவாளி. அதை எடுத்துவிட்டு, பருத்தித் துணி விரித்த பெரிய சிரட்டையில் வையுங்கள். அதன் குழிவு இரண்டு காலையும் உள்ளுக்கே வைத்திருக்கும். குஞ்சு பெருத்தால் சிறு கோப்பை. தும்பு போடவே வேண்டாம், நூல்போல் விரலில் சுற்றி இரத்தத்தை நிறுத்திவிடும். மரத்தூள் மூச்சுக்குள் போகும்.

மீதிப் பாதி, சாப்பாடு. பாணில் கல்சியம் மிகக் குறைவு, பசுப்பாலின் சீனியைக் கிளியால் செரிக்க முடியாது. கிளிக்குஞ்சுக்கென்று விற்கும் தீத்துமாவை வாங்குங்கள். கிடைக்கும்வரை ஓரிரு நாளுக்கு, அவித்த முட்டை மஞ்சள் கருவும் அவித்து மசித்த பயறும் பூசணியும் தண்ணீரில் கரைத்து, 39 முதல் 41 பாகை செல்சியஸ் சூட்டில் சிரிஞ்சால் தீத்துங்கள். அதற்கு மேல் சூடானால் இரைப்பை வெந்துவிடும், ஆறினால் செரிக்காது. ஒரு தடவைக்கு எடையில் பத்திலொன்று: 80 கிராம் குஞ்சுக்கு 8 மில்லிலீற்றர், நாளுக்கு நாலைந்து முறை. விடியும்போது இரைப்பை முழுக்க வற்றியிருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் நாட்களில் குஞ்சு சீக்கிரம் வரண்டுவிடும், கரைசலைக் கொஞ்சம் தண்ணியாக்குங்கள்.

வீட்டுக் கரைசலென்றால் நாளுக்கு ஒரு சிட்டிகை கல்சியம் சேருங்கள்: பத்து நிமிடம் அவித்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டைக் கோது, அல்லது கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு. ஓட்டை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்பு போன பின் சுரண்டுங்கள். கடையில் வாங்கும் தீத்துமாவில் கல்சியம் இருக்கும், மேலதிகமாகப் போட வேண்டாம். மனிதருக்கான விற்றமின் டி மாத்திரையை நினைத்தும் பார்க்காதீர்கள், அளவு மீறினால் சிறுநீரகம் கெடும். காலை வெயிலில் பதினைந்து நிமிடம், பாதி நிழலோடு, நீங்கள் பக்கத்தில் இருக்க வையுங்கள். கண்ணாடி ஜன்னலூடாக வரும் வெயில் உதவாது.

காலில் போட்ட பிளாஸ்டர் கட்டை எடுத்த பிறகு, பெட்டித் தரையில் இருந்து இரண்டு விரல் உயரத்தில் சுண்டுவிரல் மொத்தமான கொய்யாக் கொப்பொன்றைத் தோலோடு வையுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சி வேண்டாம்.