டேர், டேன், டேம்: ஜெர்மன் படிப்பவர்களுக்குக் கேள்வி–பதில்

(இந்த இதழில் ஜெர்மன் இலக்கணம், அதற்கான புத்தகங்கள் பற்றி நெல்லை வட்டார வாசகர்கள் கேட்டவை.)

நர்சிங் முடித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். பள்ளிப் படிப்பு தமிழ்வழி. வகுப்பில் 'நெட்ஸ்வெர்க் நொய்' நடத்துகிறார்கள். இலக்கணத்துக்குத் தனியாக எதை வாங்க? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

ஒன்று போதும். பாடப்புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு சேர்த்துச் செய்ய ஒரு பயிற்சிப் புத்தகம்தான் வேண்டும். கோர்னெல்சன் பதிப்பகத்தின் 'கிராமாட்டிக் ஆக்டிவ்' (தொடக்க நிலையான ஏ1 முதல் இடைநிலையான பி1 வரை), ஷூபெர்ட் பதிப்பகத்தின் 'ஆ-கிராமாட்டிக்' இவற்றில் எது கிடைத்தாலும் சரி. உள்ளே முழுக்க ஜெர்மன்தான் என்று பயப்பட வேண்டாம். நீண்ட விளக்கம் குறைவு. அட்டவணையும் பயிற்சியும்தான் அதிகம். ஆங்கிலத்தில் விளக்கம் இருந்தால் தேவலை என்பவர்களுக்கு ஷாம்ஸ் அவுட்லைன் வரிசையில் ஜெர்மன் இலக்கணம் இருக்கிறது, விடைகளோடு.

இப்போது வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, ஹாமர் இலக்கணம். அருமையான நூல், ஆனால் தடித்த மேற்கோள் நூல். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கலாம், முதல் பக்கத்திலிருந்து படிக்க முடியாது. பி2-க்குப் பிறகு அதன் அருமை தெரியும். இன்னொன்று, ஹூபர் வெளியீடான டிரையர்–ஷ்மிட் பயிற்சி நூல். அதை பி1 தாண்டியபின் எடுக்கலாம். விடைநூல் தனியாக விற்கப்படுவது, இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். விடை இல்லாமல் செய்யும் இலக்கணப் பயிற்சியில் தப்பே பழகிப்போகும்.

வகுப்பில் ஒரு தலைப்பு முடிந்த அன்றே அதற்குரிய பயிற்சியை நோட்டில் எழுதுங்கள், புத்தகத்தில் எழுத வேண்டாம். திருத்தும்போது ஒவ்வொரு தவறின் பக்கத்திலும் காரணத்தைக் குறியுங்கள்: பாலா, வேற்றுமையா, வினையின் இடமா என்று. ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல் அதே பயிற்சியை மறுபடி செய்யுங்கள். மூன்றில் எந்தக் குறி அதிகம் விழுகிறதோ, அடுத்த வாரம் அதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேத்தி ஜெர்மன் படிக்கிறாள். நான்கு வேற்றுமை என்று அழுகிறாள். நமக்கு எட்டு இருக்கிறதே! நம் இலக்கணத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிடிபடுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

தாராளமாக. ஆங்கில வழியில் சுற்றிப் போவதைவிட இது குறுக்குவழி. எழுவாய் என்றால் நோமினாடிவ், 'ஐ' என்றால் ஆக்குசாடிவ், 'கு' என்றால் டாடிவ், 'உடைய' என்றால் கெனிடிவ். நமக்கு உருபு பெயரின் வாலில் ஒட்டும். அங்கே பெரும்பாலும் முன்னால் நிற்கிற ஆர்டிகிள் (ஆங்கில 'the' போன்ற சொல்) மாறும். ஆண்பால் ஒருமைக்கு டேர், டேன், டேம், டெஸ். பெண்பாலுக்கு டீ, டீ, டேர், டேர். இந்தப் பெண்பால் 'டேர்' ஆண்பால் எழுவாயைப் போலவே ஒலிப்பதால் முதல் மாதம் எல்லோரும் தடுமாறுவார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய லாபம் 'எனக்கு' வாக்கியங்களில். 'எனக்குக் குளிருது' என்பது 'மியர் இஸ்ட் கால்ட்'. 'எனக்குத் தலை வலிக்குது' என்பது 'மியர் டூட் டேர் கோப்ஃப் வே'. இரண்டிலும் 'மியர்' நம் நான்காம் வேற்றுமை, அதாவது டாடிவ். ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு எழுதுபவன் இங்கே 'இஹ்' (நான்) என்று எழுவாயைப் போட்டுக் கெடுப்பான். உதவு, பதில் சொல், சொந்தமாக இரு என்ற வினைகளும் இரண்டு மொழியிலும் 'கு'வைத்தான் கேட்கின்றன.

ஆனால் சில இடங்களில் இந்த வழி காலை வாரிவிடும். அவற்றைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

'வாத்தியார்ட்ட கேட்டேன்' என்போம். ஜெர்மனில் ஃப்ராகன் என்ற வினைக்கு ஆக்குசாடிவ், அதாவது வாத்தியாரை. 'உனக்கு போன் பண்ணுதேன்' என்போம். ஆன்ரூஃபன் வினைக்கும் ஆக்குசாடிவ்தான். 'அவரைப் பின்தொடர்', 'உன்னை நம்புகிறேன்' ஆகியவை தலைகீழ்: ஃபோல்கன், கிளவுபன் இரண்டும் ஆளுக்கு டாடிவ் கேட்கும். 'எனக்காக' என்பதில் 'கு' இருப்பதால் பேத்தி டாடிவ் போடுவாள். ஃபூயர் என்ற முன்னிடைச்சொல்லோ எப்போதும் ஆக்குசாடிவ்.

இவற்றில் மிக அதிகமாக மார்க்கைத் தின்பது இடப்பெயர்ச்சி. 'பள்ளிக்கூடத்துல இருக்கான்' என்றால் 'இன் டேர் ஷூலெ', டாடிவ். 'பள்ளிக்கூடத்துக்குப் போறான்' என்றால் 'இன் டீ ஷூலெ', ஆக்குசாடிவ். நம் காதில் 'கு' விழுந்ததும் கை டாடிவுக்குப் போகும், அங்கேதான் தப்பு. ஆன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், ஊபர், உன்டர், ஃபோர், ஸ்விஷன் என்ற ஒன்பது முன்னிடைச்சொற்களுக்கும் இதே விதி: எங்கே என்றால் டாடிவ், எங்கேக்கு என்றால் ஆக்குசாடிவ். 'ட்ஸூ' இந்த ஒன்பதில் சேராது. எந்தப் பக்கம் போனாலும் அதற்கு டாடிவ்தான்.

வாக்கிய அமைப்பில் நமக்கு யோகம். வைல் (ஏனென்றால்), டாஸ் (என்று), வென் (என்றால்), ஓப் (ஆ, இல்லையா என்று) வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும். நமக்கு அதுதானே இயல்பு. உயர்நிலையில் 'நேற்று வந்த மனிதர்' என்று நம் பெயரெச்சம் போலவே பெயருக்கு முன் தொடரை அடுக்குவார்கள், நீங்கள் அதை ஒரே நிமிடத்தில் விளக்கிவிடுவீர்கள். முதன்மை வாக்கியத்தில் மட்டும் வினை இரண்டாம் இடம்: 'நாளைக்கு' என்று தொடங்கினால் அடுத்தது வினை, அதன்பின்தான் 'நான்'.

பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்த ஜெர்மானியர் இரேனியுஸ் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். உங்கள் ஊர்ப்பக்கம் இந்த வேலை எதிர்த்திசையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

ஆண்பால், பெண்பால், அஃறிணை: எதற்கு எது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
– கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

பொருளைப் பார்த்து ஊகிக்காதீர்கள். 'மேட்ஷென்' (சிறுமி) அங்கே அஃறிணை. விகுதியைப் பாருங்கள். -உங், -ஹைட், -கைட், -ஷாஃப்ட், -ட்சியோன், -டேட் எல்லாம் பெண்பால். -ஷென், -லைன் நடுப்பால். கிழமை, மாதம், பருவம் ஆண்பால். மிச்சம் மனப்பாடம்தான்: சொல்லை ஆர்டிகிள், பன்மை இரண்டோடும் எழுதுங்கள். வெறும் சொல்லை எழுதிய நோட்டைப் பின்னால் முழுக்கத் திருத்த வேண்டிவரும்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போட்ட 'முப்பது நாளில் ஜெர்மன்' மாதிரிப் புத்தகம் பயன்படுமா?
– வாசகர், வள்ளியூர்

வணக்கம் சொல்லப் பயன்படும். பாக்கன் (சுடு) என்பதும் பாக்கன் (மூட்டை கட்டு) என்பதும் தமிழில் எழுதினால் ஒன்றே. ஜெர்மனில் ஒன்றின் முதலெழுத்து 'பந்து'வின் ப, மற்றது 'பல்'லின் ப. ஷோன் (ஏற்கெனவே), ஷோன் (அழகான) என்பவையும் அப்படியே. உ-வுக்கு உதட்டைக் குவித்தபடி உள்ளே இ என்று சொன்னால் வரும் ஒலிக்கு நமக்கு எழுத்தே கிடையாது. இந்தப் பக்கத்தில் நாம் போட்டிருப்பதும் அடையாளத்துக்கு மட்டும். அதை நம்பி வாய்திறக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. 'மரம்', 'அவன்' என்பவற்றின் ஈற்று மெய்யை மூக்கொலியாகக் கரைத்துவிடுகிறோம். அதே பழக்கத்தில் டேன், டேம் இரண்டும் ஒன்றாகிவிடும், எதிராளிக்கு 'ஐ'யா 'கு'வா என்று தெரியாது. ம் சொல்லும்போது உதடு மூட வேண்டும். கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள்.

பழைய புத்தகக் கடையில் ஜெர்மன் இலக்கணம் ஒன்று வாங்கினேன். படிக்கலாமா?
– வாசகி, தென்காசி

வாக்கியங்களை இணைக்கும் 'டாஸ்' என்ற சொல் 'எஸ்ஸெட்' எழுத்தோடு (பீட்டா போலத் தெரிவது) அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய முறை. இப்போது இரண்டு எஸ். இலக்கணம் மாறவில்லை, படிக்கலாம். எழுத்துக்கூட்டலை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

இலக்கணப் புத்தகம் முழுக்க முடித்தும் கோதே நிறுவனத்தின் பி1 எழுத்துத் தேர்வில் 60 மார்க் எட்டவில்லை. எங்கே தவறு?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

கோடிட்ட இடத்தை நிரப்பியே பழகியிருப்பீர்கள். தேர்வு கேட்பது 60 நிமிடத்தில் மூன்று எழுத்து: நண்பருக்கு மின்னஞ்சல் சுமார் 80 சொல், ஒரு விஷயத்தில் கருத்து சுமார் 80, மரியாதைக் கடிதம் சுமார் 40. கேட்ட குறிப்புகளில் ஒன்றை விட்டுவிட்டால் எவ்வளவு சரியாக எழுதினாலும் மார்க் போகும்.

முதலில் 'டூ' (நீ), 'ஸீ' (மரியாதையாக நீங்கள்) கலப்பைக் கவனியுங்கள். நண்பருக்கு டூ, அலுவலகத்துக்கு ஸீ. நம் 'நீங்கள்' மரியாதைக்கும் பன்மைக்கும் ஒன்று; அங்கே நண்பர் கூட்டத்துக்கு 'ஈர்'. தாத்தா பாட்டிக்குக்கூட டூ. விளிக்குப் பின் காற்புள்ளி, அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும்; முடிவில் 'மிட் ஃப்ராயிண்ட்லிஷன் க்ரூஸன்' என்பதற்குப் பின் காற்புள்ளி கிடையாது. எல்லா வாக்கியத்தையும் 'இஹ்' என்று தொடங்காதீர்கள். நர்சிங் தோழர்கள் கவனிக்க: 'பட்சியென்ட்' (நோயாளி) ஆண்பால் எழுவாயில் மட்டும் அப்படி, டேன், டேம் இரண்டோடும் 'பட்சியென்டன்'.

வாரம் மூன்று கடிதம், கடிகாரம் வைத்து. நான்கு பிரிவுக்கும் தனித்தனியே தேர்வெழுதலாம் என்பதால், தவறிய எழுத்துப் பிரிவை மட்டும் மறுபடி எழுதினால் போதும். மாதிரித் தாள்கள் கோதே நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசம். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெவின் 'நிக்கோஸ் வேக்' காணொளிப் பாடமும் பி1 வரை இலவசமாகவே கிடைக்கிறது.