அடைக்கோழிக்கு ஏன் பசிப்பதில்லை?

வணக்கம் அண்ணா,

எங்கள் வீட்டு ஊர்க்கோழி அடையில் கிடக்கிறது. குறுணலும் தண்ணீரும் கடகத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன், தொடுவது குறைவு. தூக்கினால் நெஞ்செலும்பு கையில் தட்டுப்படுகிறது. அம்மம்மா "அது அப்படித்தான், விடு" என்கிறா. கிரெலின் என்ற ஓமோன்தான் பசியைத் தூண்டும் என்று படித்தேன். அடைக்கோழிக்கு அது குறைந்துவிடுமா? வாயைத் திறந்து ஊட்டலாமா?

வாசகி, ஒட்டுசுட்டான்

அன்புள்ள தங்கச்சி,

ஊட்ட வேண்டாம். அம்மம்மா சொன்னது சரி.

1980இல் ஷெரி, ம்ரொசோவ்ஸ்கி, ஹோகன் ஆகிய மூவர் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் கவனித்தது ஊர்க்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியை. (நம் வன்னிக் காட்டில் கூவுவது வேறு இனம், இலங்கைக்கே உரியது.) அடை கிடந்த பேடுகள் தீன் பக்கத்தில் இருந்தும் கொஞ்சமே தின்றன, எடையும் மெல்லக் குறைந்தது. சில பேடுகளுக்குச் சில நாட்கள் தீனை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தார்கள். அவை ஆவலாகத் தின்றன. ஆனால் பழைய எடை வரும்வரை தின்னவில்லை. அடையின் அந்தக் கட்டத்தில் மற்றப் பேடுகள் எந்த எடையில் இருந்தனவோ, அதைத் தொட்டதும் குறைத்துக்கொண்டன.

அதாவது பசி செத்துப்போகவில்லை. உடம்பு இவ்வளவு இருந்தால் போதும் என்று மூளை வைத்திருக்கும் அளவுதான் நாளுக்கு நாள் இறங்குகிறது. எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது. கோழி தீன் தேடி அடிக்கடி எழும்பினால் முட்டை ஆறிவிடும், கீரிக்கும் வசதி. 21 நாளும் அது பசியோடு போராட வேண்டியதில்லாமல் மூளையே பார்த்துக்கொள்கிறது.

சரி, கிரெலினுக்கு வருவோம். மூளையின் அடியில் உள்ள ஹைபோதலமஸில் நியூரோபெப்டைட் வை என்ற பொருள் பசியைக் கிளப்பும், கோழிக்கும் நமக்கும் அது ஒன்றுதான். கிரெலின் அப்படியில்லை. மனிதருக்குப் பசியைத் தூண்டும் அதே ஓமோனைக் கோழிக்குஞ்சின் மூளைக்குள் செலுத்தினால் குஞ்சு தின்பதைக் குறைக்கிறது! ஆகவே மனிதரைப் பற்றிப் படித்ததை அப்படியே கோழிக்குப் பொருத்த முடியாது.

கோழியை அடையில் பிடித்து வைப்பது புரோலக்டின் என்ற இன்னொரு ஓமோன். முட்டை வயிற்றில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது உயர்ந்தே இருக்கும், முட்டையை எடுத்துவிட்டால் இறங்கிவிடும். அதுதான் பசியையும் அடக்குகிறது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் புறாவுக்கு அதே புரோலக்டினை ஏற்றினால் கூடுதலாகத் தின்கிறது. ஒரு ஓமோனுக்கு ஒரு வேலை என்று பறவையின் மூளையில் கணக்குப் போட முடியாது.

தீனும் தண்ணீரும் இப்போது வைக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நாளுக்கு ஒருமுறையாவது எழும்பிக் கொஞ்சம் தின்று, குடித்து, பெரிதாக எச்சமிட்டுவிட்டுத் திரும்பினால் பயமில்லை. இறகில் பேன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழும்பி வந்தும் கண்ணை மூடித் தூங்கி வழிந்தால், அல்லது பச்சையாகக் கழிந்தால், அது அடையால் வந்ததல்ல. உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.