படத்தில் இடப்பக்கம் வாய் திறந்த சங்கு, வலம்புரிதானா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை கடைக்காரர் காட்டிய பழைய செப்புத்தகட்டு அச்சுப்படத்தில் சங்கின் வாய் இடப்பக்கம் இருக்கிறது, அதனால் வலம்புரி, அதனால் விலை கூட என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

திருச்செந்தூரில் விற்கும் சாதாரணச் சங்கைச் சுருள்முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால் வாய் வலப்பக்கம் வரும், வலம்புரிக்கு இடப்பக்கம். சரி, ஆனால் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செதுக்குநர்கள் பலர் சங்கைப் பார்த்தபடியே தகட்டில் கீறிவிடுவார்கள், அச்சில் அது இடம் வலமாகத் திரும்பிவிடும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் கீறிய கூம்புச் சங்கே இப்படித் திரும்பித்தான் நிற்கிறது, இத்தனைக்கும் கையெழுத்து மட்டும் நேராக இருக்கிறது! 1681இல் வந்த இத்தாலியப் பாதிரியார் புவனானியின் சிப்பிப் புத்தகத்திலும் இதே கூத்து.

அதனால் அதே தாளில் உள்ள மற்ற சங்குகளைப் பாருங்கள். எல்லாமே இடப்பக்கம் திறந்திருந்தால் தகடு செய்த வேலை. ஒன்று மட்டும் என்றால் ஓவியர் தெரிந்தே வரைந்திருக்கலாம், அப்போதும் அது படம்தானே, சங்கு விலையா கேட்பார்? அப்புறம், ஓரத்தில் தகடு அழுந்திய தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஓரம் வெட்டாத தாளில் அது இல்லையென்றால் தகட்டில் அச்சிடாத பிற்கால நகலாக இருக்கலாம்.