கணினி கேள்வி - பதில்: மேலே ஏறும் பில்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் மளிகை மொத்தக் கடை எங்களுடையது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் முதல் பில் ஒழுங்காக விழுகிறது, அடுத்த பில்லின் தலைப்பு முந்தின தாளின் அடியிலேயே அச்சாகிறது, அதற்கடுத்தது இன்னும் மேலே. எப்போதாவது ஒன்று தானாகவே சரியாக வருகிறது! கடைப் பையன் குமிழைத் திருகித் திருகி அலுத்துவிட்டான். மெக்கானிக் அச்சடிக்கும் ஹெட்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள், ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் கடையில் ஓடுவது 10-க்கு 12 அங்குல தொடர்தாளாக இருக்கும், நம் ஊர்களில் அதுதான் சாதாரணம். பிரிண்டரோ தாளின் நீளம் 11 அங்குலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அங்குலத்துக்கு 6 வரி வீதம் 66 வரி எண்ணி நிறுத்துகிறது, உங்கள் தாளுக்கோ 72 வரி வேண்டும். அதனால் பில்லுக்கு ஓர் அங்குலம் மேலே ஏறுகிறது. ஒரு பில் ஒரு தாளுக்குள் முடிந்தால் 13-வது பில் தானாக இடத்தில் வந்து உட்காரும், நீங்கள் பார்த்த அதிசயம் அதுதான். அப்புறம், பிரிண்டர் ஆன் ஆகியிருக்கும்போது குமிழைத் திருகவே கூடாது. எத்தனை வரி நகர்ந்தோம் என்ற கணக்கை அது தனக்குள் வைத்திருக்கிறது, கையால் திருகினால் அந்தக் கணக்குக்குத் தெரியாது, பையன் பாவம், சரிசெய்வதாக நினைத்து இன்னும் குழப்பிக்கொண்டிருக்கிறான்.

விண்டோஸில் பில் போடுகிறீர்கள் என்றால் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸில் 25.4-க்கு 30.48 செ.மீ. என்று புது ஃபார்ம் ஒன்றை உண்டாக்கி, பிரிண்டரின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய டாஸ், யூனிக்ஸ் பில்லிங் என்றால் பிரிண்டர் ப்ரொஃபைலில் தொடக்கக் குறி கேட்கும், அச்சுக்கு முன் பிரிண்டருக்குப் போகும் எண் கட்டளை அது. எப்சன் வகைக் கட்டளையில் ஓடும் பிரிண்டருக்கு 27 67 0 12 போதும், 12 அங்குலம் என்று அர்த்தம். ஸ்டாக் பட்டியலுக்குச் சின்ன எழுத்து வேண்டுமா? குறி 15. முடிவில் மறக்காமல் 18 போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பில்லும் எறும்பு எழுத்தில்தான் வரும். ஒரே பிரிண்டரை 'பில்', 'ஸ்டாக்' என்று இரண்டு பெயரில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்வேன்.

கேள்வி: செம்பூர் ஆபீஸில் யூனிக்ஸ் சர்வரில் உள்ள பழைய புரோகிராமைப் புது கம்ப்யூட்டரில், சர்வரோடு இணைக்கும் புட்டி என்ற மென்பொருள் வழியாகத் திறக்கிறேன். கட்டம் கட்டிய இடமெல்லாம் க்யூ க்யூ, எக்ஸ் எக்ஸ் என்று ஆங்கில எழுத்தாக வருகிறது. வைரஸா?

பதில்: இல்லை சார். 1978-இல் வந்த விடி100 டெர்மினலில் (சர்வரோடு இணைக்கும் பழைய திரையும் கீபோர்டும்) கோடு போடும் நிலைக்கு மாறினால் க்யூ என்பது படுக்கைக்கோடு, எக்ஸ் என்பது செங்குத்துக்கோடு. சர்வர் இன்னும் அந்த நம்பிக்கையில் அனுப்புகிறது, உங்கள் திரை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருப்பதால் அதை வெறும் எழுத்தாகக் காட்டுகிறது. புட்டியில் விண்டோ, அதனுள் டிரான்ஸ்லேஷன் பகுதிக்குப் போங்கள், யூடிஎஃப்-8-இலும் விடி100 கோடு வரைய அனுமதிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, டிக் செய்யுங்கள். எஃப்1, எஃப்2 பட்டன்களும் தகராறு செய்தால் கீபோர்டு பகுதியில் ஃபங்ஷன் கீ வகையை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியானதும் அந்த அமைப்பை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்குத் திறக்கும்போது மறுபடி க்யூ க்யூ.