இணையத்தில் ‘ட்ரோல்’ என்பவர் யார், அவரை எப்படி எதிர்கொள்வது?

கருத்துச் சொல்வதற்காக அன்றி, பிறரைச் சினமூட்டி அந்தச் சினத்தை ரசிப்பதற்காகவே எழுதுபவரை ட்ரோல் என்கிறோம். திருகோணமலைக் கடலில், ஓடும் வள்ளத்தின் பின்னே இரை கோத்த தூண்டிலை இழுத்துச் சென்று அறுக்குளா மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் அம்முறைக்கும் ட்ரோலிங் என்றே பெயர். இங்கே இரை ஒரு சொல், சிக்குவது நமது கோபம்.

முகம் மறைந்திருக்கும்போது மனிதரின் தன்னடக்கம் தளர்வதை உளவியலாளர் ஜோன் சூலர் 2004இல் விளக்கினார். அத்தகையவரிடம் வாதிடுவது அவர் விரும்பும் சினத்தையே அவருக்குத் தரும். எனவே இணையக் குழுக்கள் பதிலளிக்காமல் விடுகின்றன, பதிவை நீக்குகின்றன, தொடர்ந்தால் ஆளை விலக்குகின்றன. ஆனால் ஒருவரைக் குறிவைத்து மிரட்டும்போது மற்றவர்கள் மௌனம் காப்பது, என் பார்வையில், பாதிக்கப்பட்டவரைக் கைவிடுவதாகும். ஆதாரத்தைச் சேமித்து முறையிட அவருக்குத் துணைநிற்க வேண்டும்.

மாற்றுக் கருத்தை உறுதியாகச் சொல்பவரெல்லாம் ட்ரோல் என்று பலர் நினைக்கின்றனர். அவர் நம் பதிலுக்குச் செவிகொடுக்கிறார் என்றால் அவர் ட்ரோல் அல்லர்.